மேசையோரக் கடல்: அலுவலகத்தில் 22 லிட்டர் உப்புநீர்த் தொட்டி

வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குக் கடைசி ஆள் விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பினால், திங்கட்கிழமை காலை 9 மணிக்குத்தான் கதவு திறக்கும். நடுவில் 63 மணி நேரம். ஏசி ஓடாது. யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். மின்சாரம் போனாலும் யாருக்கும் தெரியாது. மறைமலைநகரிலோ மகேந்திரா சிட்டியிலோ பழைய மாமல்லபுரம் சாலையிலோ வேலை பார்க்கும் ஒருவர் தன் இடத்தருகே கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்பட்டால், முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது இந்த 63 மணி நேரத்தைத்தான்.

சிறிய தொட்டி என்றால் சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். நன்னீரில் அது ஓரளவு சரி. உப்புநீரில் நேர்மாறு. 200 லிட்டர் தண்ணீரில் ஒரு நத்தை செத்துக் கிடந்தால் தொட்டி தாங்கிக்கொள்ளும். 22 லிட்டரில் அதே நத்தை மற்ற எல்லாவற்றையும் கொன்றுவிடக் கூடும். சூடு ஏறுவதும் உப்பு கூடுவதும் பிராணவாயு குறைவதும் சிறிய தொட்டியில் மணிக்கணக்கில் நடந்துவிடும். ஆகவே இந்த அத்தியாயத்தின் ஒவ்வொரு அளவும், உயிரினத் தேர்வும், வேலை அட்டவணையும் ஒரே கேள்வியிலிருந்து வருகின்றன: ஆளில்லாத சனி, ஞாயிறை இது தாங்குமா?

1. வாங்குமுன் ஒரு வாளிச் சோதனை

தொட்டி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை வையுங்கள். அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலையைப் பதிவு செய்யும் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையை அதில் போட்டுவிட்டு, ஒரு வாரம் முழுக்க, சனி ஞாயிறு உட்பட, விட்டுவிடுங்கள். திங்கட்கிழமை இரண்டு எண்களையும் படியுங்கள்.

பகலில் ஏசி 23 டிகிரியில் ஓடும் அறையில், கண்ணாடிச் சுவரோரம் வைத்த தண்ணீர் ஞாயிறு பிற்பகல் 30 டிகிரியைத் தாண்டுவது சித்திரை, வைகாசியில் சாதாரணம். இரண்டு எண்களுக்கும் இடையே 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இடத்தை மாற்றுங்கள். வெயில் படாத உட்சுவரை ஒட்டிய இடம், பேன்ட்ரிக்குப் பக்கம், மாடிக் கட்டடமானால் மேல்தளத்துக்குப் பதில் கீழ்த்தளம் என்று பாருங்கள். இந்தச் சோதனைக்குச் செலவு தெர்மாமீட்டர் விலை மட்டும். கோடையில் செய்தால் இன்னும் நம்பகமானது.

2. தொட்டி

30 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் கொண்ட கண்ணாடித் தொட்டி போதும். 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பினால் 22.5 லிட்டர். கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்த்து 35 கிலோவை நெருங்கும். கணினி மேசைகள் பலவும் அழுத்தப்பட்ட மரத்தூள் பலகையால் ஆனவை. உப்புநீர் சொட்டிச் சொட்டி ஊறினால் உப்பிவிடும். எனவே மேசை மேல் வைக்காமல், மேசையை ஒட்டி உறுதியான இரும்பு ஸ்டாண்டில் வையுங்கள். லேப்டாப்பும் கோப்புகளும் கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் இருக்கட்டும்.

துணைக் கருவிகள்: பக்கவாட்டில் தொங்கும் சிறிய ஃபில்டர், காற்றுப் பம்பு, டைமர் பொருத்திய எல்.இ.டி. விளக்கு, உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர், அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். பார்க்கும் சோதனைப் பெட்டி. கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் இந்த அளவுக்குத் தேவையில்லை. வாரந்தோறும் தண்ணீர் மாற்றுவதே அந்த வேலையைச் செய்துவிடும்.

ஒவ்வொரு மின்கம்பியும் பிளக்கை அடையுமுன் ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலேறட்டும். கம்பி வழியே வழியும் உப்புநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்; பிளக்குக்குள் போகாது.

3. தண்ணீர்

*கேன் தண்ணீரும் கடல் உப்புத் தூளும்.* அலுவலகத்துக்கு ஏற்ற வழி இது. 20 லிட்டர் கேன் எப்படியும் வருகிறது. பெரும்பாலும் ஆர்.ஓ. தண்ணீர்தான், இருந்தாலும் டி.டி.எஸ். மீட்டரால் பாருங்கள். 50-க்குக் கீழே இருந்தால் நல்லது. மீன் கடைகளில் விற்கும் செயற்கைக் கடல் உப்பை லிட்டருக்குச் சுமார் 37 கிராம் என்று கலந்தால் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு கிடைக்கும், ஒப்படர்த்தி 1.025 அளவில் நிற்கும். தூளின் பிராண்டுக்கு ஏற்பக் கொஞ்சம் மாறும் என்பதால் அளந்து உறுதிசெய்யுங்கள். கலந்த தண்ணீரை ஒருநாள் காற்றுக் குமிழ் விட்டு வைத்த பிறகே ஊற்ற வேண்டும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். கடலோர ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் என்னென்ன கரைந்திருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டும் வேண்டாம். நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இயங்குகிறது. 2024-இல் பக்கத்திலேயே இன்னொன்று வந்தது. பழைய மாமல்லபுரம் சாலைப் பகுதிக்கு அந்தத் தண்ணீர் போகிறது. செலவழித்து உப்பைப் பிரித்தெடுத்த தண்ணீரில் நாம் மறுபடி உப்பைக் கலக்கிறோம் என்று சக ஊழியர்கள் கேலி செய்வார்கள். சிரித்துவிட்டு, கேன் தண்ணீரையே எடுங்கள்.

*நேரடிக் கடல்நீர்.* அலுவலகம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்தால் இதுவும் ஆகும். ஆனால் கரையோர அலையில் வாளி போட்டு அள்ளக் கூடாது. முட்டுக்காட்டு உப்பங்கழி கடலில் கலக்கும் கோவளம் முகத்துவாரம், கல்பாக்கத்துக்குத் தெற்கே பாலாறு கலக்கும் இடம், படகுகள் நிற்கும் துறை, ஓட்டல்களின் வடிகால் பக்கம் எல்லாம் தவிருங்கள். பட்டிப்புலம், தேவனேரி போன்ற குப்பங்களில் ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போகிற தெரிந்தவர் இருந்தால், "அண்ணே, திரும்பி வர்றப்போ அலை உடையற இடத்துக்கு அந்தாண்ட ஒரு கேன் மொண்டு வந்துடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். கேன் புதிதாக இருக்க வேண்டும். டீசல் வாடை பட்ட கேன் உதவாது. வந்த தண்ணீரைத் துணியில் வடிகட்டி, மூடி, இருட்டான இடத்தில் இரண்டு வாரம் வையுங்கள். மிதவை உயிரிகள் செத்து அடியில் படியும்; மேல்தெளிவை மட்டும் குழாய் வைத்து இறக்குங்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரை கடல்நீர் எடுக்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் ஆறுகளும் கழிகளும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். அதோடு, அந்த மாதங்களில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடி, வங்காள விரிகுடாவின் வடபகுதி ஆறுகள் கலந்த நீரையும் இழுத்து வருகிறது. உப்பளவு நன்றாகக் குறைந்துவிடும். கோடையில்தான் நமக்கு வேண்டிய உப்பு இருக்கும்.

*உப்பளத்து உப்பு உதவாது.* கேளம்பாக்கம், கோவளம் பக்கம் உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த யோசனை வரும்: அதுவும் கடலிலிருந்து வந்ததுதானே? பாத்தியில் கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பும் பிறகு ஜிப்சமும் படிந்துவிடுகின்றன. அதன் பின்னரே சாதாரண உப்பு விளைகிறது. மெக்னீசியமும் பொட்டாசியமும் மிச்சமிருக்கும் கசப்பு நீரில் தங்கி, அந்த நீரோடு வெளியேறிவிடுகின்றன. உயிருள்ள கடலில் லிட்டருக்குச் சுமார் 1,300 மில்லிகிராம் மெக்னீசியமும் 400 மில்லிகிராம் கால்சியமும் உண்டு. நத்தைக்கு ஓடு வளரவும், இறால் சட்டை உரிக்கவும் இவை வேண்டும். உப்பளத்து உப்பைக் கரைத்தால் உப்புக் கரிக்கும் தண்ணீர் கிடைக்கும், கடல் கிடைக்காது. சமையல் அயோடின் உப்பும் அப்படியே.

4. கல், மணல், சட்டம்

வெளிநாட்டு நூல்கள் பலவும் "உயிர்ப்பாறை" என்று தொடங்கும். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961-இல் எழுதிய கட்டுரையில் விவரித்த முறை அது: கடலிலிருந்து உயிரிகள் ஒட்டிய பாறையை எடுத்து வந்து, காற்றுக் குமிழும் வெளிச்சமும் கொடுத்து, பாறையே தண்ணீரைச் சுத்தம் செய்யும்படி விடுவது. அந்தப் பாறை பெரும்பாலும் செத்த பவளத்தின் எலும்புக்கூடு.

நமக்கு அந்த வழி மூடியிருக்கிறது. கல்லுருவாக்கும் பவளங்கள் அனைத்தும், கடல்விசிறிகளும் கருப்புப் பவளமும், கடல் குதிரைகளும் கடல் அட்டைகளும் 2001-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. உயிரோடு இருந்தாலும், காய்ந்த துண்டாக இருந்தாலும் வைத்திருப்பது குற்றம். 3 ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை உண்டு. 7 ஆண்டு வரை போகலாம். "பழைய ஸ்டாக் சார், பிரச்சினை வராது" என்று எவராவது சொன்னால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். அலுவலக முகவரியில் இப்படி ஒன்று சிக்கினால் உங்களோடு நிறுவனமும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மாற்று எளிது. நுண்துளைகள் உள்ள பீங்கான் பாறைகள் கடையில் கிடைக்கும். இரண்டு கிலோ போதும். நல்ல பாக்டீரியா குடியிருக்க அந்தத் துளைகள் தாராளம். அழகுக்கு ஒரு கருங்கல் துண்டை, கொதிநீரில் கழுவி வைக்கலாம்.

மாமல்லபுரத்துக் கடற்கரை மணல் வேண்டாம். அது பெரும்பாலும் குவார்ட்ஸ். கரிய கனிமத் துகள்களும் கலந்திருக்கும். தண்ணீரின் காரத்தன்மையைத் தாங்கிப் பிடிக்க அதனால் முடியாது. கடையில் விற்கும் சுண்ணாம்பு மணலையோ, நன்றாகக் கழுவிய கிளிஞ்சல் நொறுங்கலையோ இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். மாமல்லபுரம் கைவினைக் கடைகளில் வாங்கிய பளபளப்பான சங்குகளையும் சோழிகளையும் தொட்டிக்குள் போடாதீர்கள். வார்னிஷோ அமிலம் போட்டுத் தேய்த்த மெருகோ தண்ணீரில் இறங்கும். சில சங்கு வகைகள் சட்டப் பாதுகாப்பிலும் இருக்கின்றன.

5. ஆறு வாரம் வெறும் தண்ணீர்

எல்லாம் நிரப்பியதும் உயிர் எதையும் விடக் கூடாது. ஒரு சிறு இறால் துண்டைப் போடுங்கள். அது அழுகி அமோனியா வரும். ஒருவகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் விஷம். மூன்றாவது அதிகமானால்தான் தொல்லை. இந்தப் பாக்டீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அமோனியாவும் நைட்ரைட்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூஜ்யம் காட்டிய பிறகே முதல் உயிர்.

இந்தக் காலத்தில் அலுவலகம் உங்களைக் கிண்டல் செய்யும். பரவாயில்லை. தொட்டியின் வார இறுதிகளைப் பழகிக்கொள்ள இதுவே தருணம். ஒவ்வொரு திங்களும் வெப்பநிலை, உப்பு, தண்ணீர் மட்டம் மூன்றையும் குறித்து வையுங்கள்.

6. யாரைக் குடிவைப்பது

22 லிட்டருக்கு இந்தக் குடும்பம் பொருந்தும்: ஒரு கைப்பிடி கீட்டோமார்ஃபா பாசி, நான்கைந்து நெரைட் நத்தைகள், இரண்டு சிறிய துறவி நண்டுகள். வாளிச் சோதனையில் தண்ணீர் 28 டிகிரியைத் தாண்டவில்லை என்றால் ஒரு கிளீனர் ஷ்ரிம்ப் சேர்க்கலாம். பாசி நைட்ரேட்டை உறிஞ்சும். மாதம் ஒருமுறை பாதியைப் பிடுங்கி எறிந்தால் அழுக்கும் அதோடு வெளியேறும். துறவி நண்டு வளர வளர வீடு மாற்றும்; மெருகிடாத காலிச் சங்குகள் இரண்டு மூன்று அருகில் கிடக்கட்டும். இல்லையென்றால் நத்தையைக் கொன்று ஓட்டைப் பிடுங்கிக்கொள்ளும்.

மீன் கட்டாயமில்லை. வேண்டுமென்றால் உளுவை இனத்தைச் சேர்ந்த, இரண்டு அங்குலத்துக்கு மேல் வளராத கோபி ஒன்றே ஒன்று. எல்லாரும் கேட்கும் கோமாளி மீன் ஜோடிக்குக் குறைந்தது 45 × 30 × 30 சென்டிமீட்டர், அதாவது 40 லிட்டர் தொட்டி வேண்டும். சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் வாங்கும்போது பண்ணையில் குஞ்சு பொரித்ததா என்று கேளுங்கள். கோமாளி மீனைச் சிறைப்பிடிப்பில் இனப்பெருக்கம் செய்யும் முறையை மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கைவரச் செய்திருக்கின்றன. பவளத் திட்டிலிருந்து வலை போட்டுப் பிடித்த மீனைவிடப் பண்ணை மீன் சின்னத் தொட்டிக்கு எளிதில் பழகும். குருணைத் தீனியும் எடுக்கும்.

முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனை நிலையம் சில்வர் மூனி, ஆரஞ்சு குரோமைடு போன்ற அழகு மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறது. நம் கழிமுகத்துக்கே உரிய மீன்கள்; உப்பு ஏறி இறங்குவதைத் தாங்கும். ஆனால் சில்வர் மூனி ஒரு சாணுக்கு மேல் வளரும். ஆரஞ்சு குரோமைடுக்கும் 60 லிட்டராவது வேண்டும். வரவேற்பறையில் பெரிய தொட்டி வைக்க நிர்வாகம் சம்மதித்தால் இவற்றை யோசிக்கலாம்.

கரைவலையில் வரும் பொடி மீன்களை "சும்மா எடுத்துப் போ தம்பி" என்று தருவார்கள். கீச்சான் குஞ்சும் பேத்தைக் குஞ்சும் பார்க்க அழகு. கீச்சான் சிறியதையெல்லாம் தின்றுவிடும். பேத்தை செத்தால் தொட்டியையே நஞ்சாக்கக் கூடும். நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

7. சூடும் ஏசியும்

கடல் தொட்டிக்கு 25 டிகிரி என்று புத்தகங்கள் சொல்லும். நம் அலுவலகத்தில் 26 முதல் 28 வரை வையுங்கள். பகலில் 23, இரவில் 31 என்று ஊசலாடுவதுதான் உயிரைக் குடிக்கும். நிலையான 27 எதையும் கொல்லாது. எனவே கேட்பதற்கு விசித்திரமாக இருந்தாலும், ஏசி அறையில் 25 வாட் ஹீட்டர் ஒன்றை 26 டிகிரிக்கு வைத்துப் போடுங்கள். கீழ்ப்பக்க ஊசலை அது தடுக்கும். மேல்பக்கத்துக்குத் தண்ணீர்ப் பரப்பின் மேல் வீசும் சிறிய ஃபேன். இரண்டு மூன்று டிகிரி இறக்கும். கடலோரத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் மாமல்லபுரத்தில் செங்கல்பட்டு அளவுக்குப் பலன் இராது.

சூடு ஏறினால் தண்ணீரில் கரையும் பிராணவாயு குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம், 32-இல் சுமார் 6. அதே நேரம் உயிர்களுக்குத் தேவை கூடும். ஆகவே மின்சாரம் போனாலும் காற்றுப் பம்பு நிற்கக் கூடாது. அதை மட்டும் யு.பி.எஸ். இணைப்பில் போட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 3 வாட்டுக்கு யாரும் மறுக்கமாட்டார்கள். ஹீட்டரை யு.பி.எஸ்.ஸில் போடாதீர்கள்.

ஏசி அறையில் ஆட்கள் நிறைய இருந்தால் கரியமில வாயு சேரும், பி.எச். 8.2-லிருந்து 7.9-க்கு இறங்கலாம். ரசாயனம் ஊற்றித் திருத்தப் பார்க்காதீர்கள். காற்றுப் பம்பு வெளித்தாழ்வாரக் காற்றை இழுக்கும்படி குழாயை நீட்டினால் போதும்.

8. ஆவியாகும் தண்ணீர்

ஆவியாவது நன்னீர் மட்டும், உப்பு தங்கிவிடும். 30 × 30 பரப்பில் மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 900 மில்லி போயிற்று என்று அர்த்தம். நாளுக்கு 300 மில்லி போனால் மூன்று நாளில் 35 என்ற உப்பு 36.5 ஆகும், ஐந்து நாள் பொங்கல் விடுமுறையில் 37.5-ஐத் தொடும். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, தினமும் காலையில் கோடு வரை வெறும் கேன் தண்ணீர் ஊற்றுங்கள். உப்புநீரை ஊற்றி மட்டம் சேர்க்கவே கூடாது.

9. வார அட்டவணை

திங்கள்: வெப்பநிலைப் பதிவு, உப்பு, தலைக்கணக்கு. யாராவது குறைந்தால் உடலைத் தேடி எடுங்கள். புது உயிர் வாங்கினால் இன்று மட்டும். பை நீரில் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் கலந்து பழக்குங்கள்.

செவ்வாய்: புதிய 2 லிட்டர் பாட்டிலில் கேன் தண்ணீரும் 75 கிராம் உப்பும் கலந்து குலுக்கி, காற்றுக் குமிழ் விட்டு வையுங்கள்.

புதன்: 2 லிட்டர் தண்ணீர் மாற்றம். அடுத்த இரண்டு நாளும் நீங்கள் அங்கே இருப்பீர்கள். ஏதாவது பிசகினால் கண்ணில் படும்.

வியாழன், வெள்ளி: புதிதாக எதுவும் செய்யாதீர்கள். புது உயிர், புது உப்பு, ஃபில்டர் கழுவுதல், மருந்து, எதுவும் வேண்டாம். வெள்ளி மாலை கோடு வரை நீர், பம்பு ஓடுகிறதா என்று பார்வை, டைமர் சரியா என்று பார்வை. தீனி அன்று பாதி. இரண்டு மூன்று நாள் பட்டினி இந்த உயிர்களுக்கு ஒன்றுமில்லை. லீவுக்குச் சேர்த்துப் போடும் கைப்பிடித் தீனிதான் அழுகிக் கொல்லும்.

10. அலுவலக மனிதர்கள்

முதல் கூட்டாளி, துப்புரவுப் பணி செய்யும் அக்கா. கண்ணாடி துடைக்கும் திரவத்தில் அமோனியா இருக்கக் கூடும். "அக்கா, இந்தக் கண்ணாடியை மட்டும் நானே துடைச்சிக்கிறேன், பக்கத்துல ரூம் ஸ்ப்ரேயும் வேணாம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பூச்சி மருந்து அடிப்பவர்கள் பெரும்பாலும் சனிக்கிழமைதான் வருவார்கள். கரப்பானைக் கொல்லும் அதே மருந்து இறாலையும் நண்டையும் கொல்லும். காற்றுப் பம்பு அறைக்காற்றை இழுத்து நேரே தண்ணீருக்குள் விடுவதால் ஆபத்து இரட்டிப்பு. தேதியை நிர்வாகத்திடம் கேட்டு வைத்து, அன்று நேரில் வந்து தொட்டியைப் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். மருந்து அடித்து அறை காற்றாடும் வரை பம்பை நிறுத்தி, பிறகு போட்டுவிட்டுப் போங்கள்.

ஆயுத பூஜை அன்றும் அப்படியே. சாம்பிராணிப் புகை நிற்கும் வரை பம்பு ஓடக் கூடாது. சந்தனமும் குங்குமமும் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், மேல்விளிம்புக்குத் தள்ளி இருக்கட்டும். பொரி போட ஆசைப்படுவோருக்காக, "தீனி போட்டாச்சு" என்று ஒரு அட்டையை நிரந்தரமாக ஒட்டிவிடுங்கள். கை சானிடைசரோ கிரீமோ பூசிய கையைத் தண்ணீரில் விடாதீர்கள்.

11. நீண்ட விடுமுறை, புயல்

2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று நம் பக்கம் அலுவலகங்கள் நாள்கணக்கில் மூடிக் கிடந்த அனுபவம் உண்டு. கார்த்திகை பிறக்குமுன் இவை தயாராக இருக்கட்டும்: பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு, இரண்டு செட் பேட்டரி, கலந்து வைத்த 10 லிட்டர் கடல்நீர், இரவுக் காவலரின் கைபேசி எண். காவலருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒன்றே: "அண்ணே, இதுல குமிழி வரலைன்னா இந்த பேட்டரி பம்பைப் போட்டுட்டு எனக்கு ஒரு போன் பண்ணுங்க." தீனி போடவோ தண்ணீர் ஊற்றவோ அவரிடம் சொல்லாதீர்கள். பொங்கல் போன்ற ஐந்து நாள் விடுமுறையில், நடுவில் ஒருநாள் யாராவது வந்து கோடு வரை நீர் ஊற்றினால் நல்லது. முடியாதென்றால் கண்ணாடி மூடியை முக்கால் பாகம் மூடி ஆவியைக் குறையுங்கள்.

12. வேலை மாறினால்

ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் வாரத்திலேயே தொட்டிக்கும் ஓர் ஏற்பாடு செய்யுங்கள். பொறுப்பேற்கும் சக ஊழியர் ஒரு மாதமாவது உங்களோடு சேர்ந்து திங்களும் புதனும் வேலை செய்திருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் உயிர்களை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். முட்டுக்காட்டிலோ கோவளம் கடலிலோ கொண்டுபோய் விடாதீர்கள்: இறக்குமதியான பாசியும் நோய்க்கிருமியும் அங்கே பரவினால் திரும்ப எடுக்க முடியாது. பழைய தண்ணீரைச் செடித்தொட்டியில் ஊற்றினால் செடி கருகும், கழிப்பறையில் கொட்டுங்கள். பாசியைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். பீங்கான் பாறையையும் மணலையும் நன்னீரில் கழுவி உலர்த்திவிட்டால் அடுத்த அலுவலகத்தில் மறுபடி உதவும். அங்கேயும் முதல் வேலை வாளிச் சோதனைதான்.